பெட்டி இல்லாத சாவு

2013 டிசம்பர் 10, செவ்வாய்க்கிழமை. தென்னாப்பிரிக்காவின் ஜொகன்னஸ்பர்க்கில் காலையிலிருந்தே மழை பெய்துகொண்டிருந்தது. இங்கே டர்பனில், சாட்ஸ்வர்த்தில், அடுத்த வீட்டு ஆயாவின் முன்னறையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். நெல்சன் மண்டேலா இறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. ஆயா காலையிலேயே தலைக்குக் குளித்து, சாமி விளக்கை ஏற்றிவைத்து, மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலை உடுத்தி, சுவரோரமாகப் பாய் விரித்து அமர்ந்திருந்தார். அன்று அடுப்பு மூட்ட வேண்டாம் என்று மருமகளிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். சாவு விழுந்த வீட்டில் உலை வைப்பதில்லை என்பது அவருடைய கணக்கு. அந்தச் சாவு எந்த வீட்டில் விழுந்தது என்பதிலும் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை.

எஃப்.என்.பி. விளையாட்டரங்கின் பெருந்திரையில் அப்போதைய குடியரசுத் தலைவர் ஜேக்கப் ஜூமாவின் முகம் தோன்றியது. கூட்டத்திலிருந்து அடிவயிற்றிலிருந்து கிளம்பிய ஒரு நீண்ட 'ஊ' எழுந்தது. காமிரா ஒபாமாவின் பக்கம் திரும்பியதும் அதே தொண்டைகளிலிருந்து ஆரவாரம் கிளம்பியது. முன்னாள் தலைவர் தாபோ எம்பெக்கிக்கும் ஆரவாரம். மறுபடியும் ஜூமாவின் முகம், மறுபடியும் ஊளை. ஆயா என் பக்கம் திரும்பினார்.

"யாரைத் தம்பி இப்படி ஊளையிடுறாங்க?"

"ஜனாதிபதியை, ஆயா."

"பெட்டி முன்னாடியா?"

"பெட்டி அங்கே இல்லீங்க. இது நினைவுக் கூட்டம்தான்."

"பெட்டி இல்லாத சாவா? அப்ப இத்தனை பேரும் எதுக்கு வந்தாங்க?"

சவப்பெட்டியைப் பெட்டி என்று மட்டும் சொல்வது எங்கள் பேச்சு. அவர் கேட்ட கடைசிக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அந்த ஊளையைக் கேட்டு எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஏறத்தாழ 90 நாடுகளின் தலைவர்கள் வந்து அமர்ந்திருக்கும் இடத்தில், பெரியவர் ஒருவருக்கு அஞ்சலி செலுத்தும் வேளையில், வீட்டுச் சண்டையை வெளியே இழுத்துப் போட்டுவிட்டார்களே என்று நினைத்தேன். மேடையை நடத்திய சிரில் ராமபோசாவும் ஒழுங்கு காக்கும்படி கூட்டத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் அதே கூட்டம்தான் நிகழ்ச்சி தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பிருந்தே மழையில் நனைந்தபடி பாடி, காலால் தரையை அதிரவைத்து ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து ஆயா ஒரு வார்த்தை சொல்லவில்லை; பாய்மேல் அவருடைய விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. ஆக, சத்தம் அவருக்கு உறுத்தவில்லை, ஏதோ ஒரு வகைச் சத்தம் உறுத்தியது. எந்த வகை என்பதைக் கண்டுகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

நினைவேந்தலில் ஆரவாரம் தகுமா என்ற கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மனத்தில் ஒரு விடையை வைத்துக்கொண்டே கேட்கிறார்கள்: இரங்கல் என்றால் மௌனம், மௌனம்தான் மரியாதை. இந்த எண்ணம் ஆதியிலிருந்தே மனிதருக்குள் இருப்பது போலத் தோன்றினாலும், பொது இடத்தில் எல்லாரும் ஒன்றாக வாய்மூடி நிற்கும் வழக்கத்துக்கு வயது அதிகமில்லை. அதன் பிறந்த ஊரும் நம் நாட்டிலேயே இருக்கிறது. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில், 1918 மே 14 அன்று, கேப் டவுன் மேயர் ஹாரி ஹேண்ட்ஸ் நகரத்தில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். சிக்னல் ஹில்லில் நண்பகல் பீரங்கி வெடித்தவுடன் டிராம்கள் நிற்கும், குதிரை வண்டிகள் நிற்கும், நடப்பவர்கள் நின்று தொப்பியைக் கழற்றுவார்கள், அடர்லி தெருவில் ஒருவர் எக்காளம் ஊதுவார். போரில் தன் மகனைப் பறிகொடுத்துச் சில வாரங்களே ஆகியிருந்த மனிதர் அந்த மேயர். பின்னர், போரில் தானும் ஒரு மகனை இழந்திருந்த தென்னாப்பிரிக்க எழுத்தாளர் பெர்சி ஃபிட்ஸ்பேட்ரிக் இந்த வழக்கத்தை லண்டனுக்கு எழுதிப் பரிந்துரைக்க, 1919 நவம்பர் 11 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வேண்டுகோளின்படி பிரிட்டிஷ் பேரரசு முழுவதும் இரண்டு நிமிடம் அசையாமல் நின்றது. இன்று சென்னையில் கட்சிக் கூட்டத்திலும், டர்பனில் கோயில் நிர்வாகக் குழுவின் ஆண்டுக் கூட்டத்திலும் எழுந்து நின்று கடிகாரத்தைப் பார்க்கும் அந்த ஒரு நிமிடம், பிள்ளையைப் போரில் கொடுத்த தகப்பன்மாரிடமிருந்து வந்தது. அதை நான் குறைவாக மதிப்பிடவில்லை. ஆனால் அது பல வழக்கங்களில் ஒரு வழக்கம். அதை அளவுகோலாக வைத்து மற்ற வழக்கங்களை நாகரிகமற்றவை என்று ஒதுக்குவதை மட்டும் ஏற்க முடியவில்லை.

ஏனென்றால் நம் சாவு வீடு ஒருநாளும் மௌனமாக இருந்ததில்லை. பறை முழங்காமல் பிணம் எடுத்த ஊர் உண்டா? ஒப்பாரி என்பது அடக்கமாட்டாத அழுகை மட்டுமில்லை. இறந்தவரை முன்னிலைப்படுத்தி, அவருடைய குணத்தைச் சொல்லி, அவர் நட்ட மரத்தைச் சொல்லி, கொடுத்த சீரைச் சொல்லிப் பாடப்படும் புகழுரை அது; நடுநடுவே அவரிடம் சண்டையும் போடும். பேரன் பேத்தி எடுத்து நிறைவாழ்வு வாழ்ந்தவர் போனால் அது கல்யாணச் சாவு. மேளம், ஆட்டம், வேட்டு எல்லாம் உண்டு. அரசியல் தொண்டர் இறந்தால் 'வீரவணக்கம், வீரவணக்கம்' என்று கூட்டம் தொண்டை கிழியக் கத்தும். டர்பனைச் சுற்றிய நட்டால் பகுதிக்குக் கரும்பு வெட்ட வந்த நம் முன்னோர் இவற்றில் எவ்வளவைக் கப்பலில் ஏற்றி வந்தார்கள், எதை வழியில் தொலைத்தார்கள் என்பது தனிக் கதை. ஆயா பிறந்து வளர்ந்தது மேகசின் பேரக்ஸில். டர்பன் மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும், குடியிருந்த இடம் அது. அங்கே சாவு என்றால் தப்புச் சத்தம் கடற்கரை வரை கேட்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். இன வாரியாகக் குடியிருப்பைப் பிரிக்கும் சட்டத்தின்கீழ் 1960களில் அவர்களைப் பெயர்த்துச் சாட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து போட்டபோது தப்படித்தவர்கள் ஒரு பக்கமும் தூக்கிச் செல்பவர்கள் ஒரு பக்கமுமாகச் சிதறிவிட்டார்கள். எங்கள் தெருவில் இப்போது மிஞ்சியிருப்பது தேவாரமும், பெட்டியைத் தூக்கும்போது மும்முறை எழும் 'கோவிந்தா'வும்தான். கவனித்துப் பாருங்கள், அந்தக் 'கோவிந்தா'வை யாரும் மெதுவாகச் சொல்வதில்லை. ஒருவர் எடுத்துக் கொடுக்க, தெருவே திருப்பிச் சொல்லும்.

ஒருவர் எடுத்துக் கொடுக்கப் பலர் திருப்பிச் சொல்லும் இந்த அமைப்பை நம் ஆப்பிரிக்க அண்டை வீட்டார் இடுகாட்டில் வேறொரு சொல்லோடு வைத்திருந்தார்கள். 'அமாண்ட்லா' என்று ஒரு குரல் எழும், 'அவேத்து' என்று கூட்டம் பதில் சொல்லும்: அதிகாரம், அது நமதே. அரசியல் முழக்கம் இடுகாட்டுக்குள் எப்படி வந்தது என்று நம்மவர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. வந்த வழியை மறந்துவிட்டுச் சுளிக்கிறார்கள். நிறவெறி ஆட்சியில் கூட்டம் போட்டால் தடை, ஊர்வலம் போனால் தடை, கட்சிக்கே தடை என்றிருந்த காலத்தில் சவ அடக்கம் ஒன்றுக்குத்தான் மக்கள் ஆயிரக்கணக்கில் கூட முடிந்தது. அரசாங்கத்துக்கும் இது புரிந்திருந்தது. 1985 ஜூலையில் பல மாவட்டங்களில் நெருக்கடிநிலை அறிவித்த கையோடு, அந்த மாவட்டங்களில் சவ அடக்கங்களுக்கென்றே தனிக் கட்டுப்பாடுகள் விதித்தது: திறந்த வெளியில் நடத்தக் கூடாது, சமயகுருவைத் தவிர யாரும் பேசக் கூடாது, அரசியல் பேசக் கூடாது, ஒலிபெருக்கி கூடாது, கொடி கூடாது. இறந்தவருக்காகக் குரல் எழுப்புவதே குற்றம் என்று சட்டம் போட்ட நாட்டில், குரல் எழுப்புவது மரியாதையின் ஒரு வடிவமாக மாறியதில் என்ன வியப்பு? 1993 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்ட நிறவெறி எதிர்ப்புத் தலைவர் கிறிஸ் ஹானியின் இறுதி நிகழ்ச்சி இதே எஃப்.என்.பி. அரங்கில் நடந்தபோது அந்தக் கான்கிரீட் படிகளில் நின்று பாடிய தலைமுறைதான், 20 ஆண்டு கழித்துத் தன் பிள்ளைகளோடு மழையில் வந்து நின்றது.

அந்த இடத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990 பிப்ரவரி 13 அன்று, சிறையிலிருந்து வந்த இரண்டாம் நாள், மண்டேலா சொவெட்டோ மக்களைச் சந்தித்தது அங்கேதான். 2010 ஜூலையில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முன்பு, குளிருக்கு ரோமத் தொப்பி அணிந்து, சிறு வண்டியில் அமர்ந்து, கையசைத்தபடி அவர் கடைசியாகப் பெருங்கூட்டத்துக்குக் காட்சி கொடுத்ததும் அங்கேதான். வூவூசெலா ஊதுகுழல்கள் அன்று காதைப் பிளந்தன. அந்தக் கூட்டத்தின் உடம்புக்கு அந்த இருக்கையில் அமர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். திரையில் முகம் வந்தால் பிடித்தவருக்குக் கைதட்டும், பிடிக்காதவருக்கு ஊளையிடும். விளையாட்டரங்கைத் திறந்துவிட்டு, பெருந்திரையைக் கட்டிவிட்டு, உயிரோடு இருக்கும் தலைவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக அதில் காட்டிவிட்டு, பிறகு கோயில் கருவறையின் அமைதியை எதிர்பார்ப்பது கூட்டத்தின் பிழையா, ஏற்பாடு செய்தவர்களின் பிழையா? திரையில் அன்று முழுவதும் மண்டேலாவின் முகம் மட்டுமே இருந்திருந்தால் ஊளைக்கு இடமே இருந்திருக்காது.

அமெரிக்காவிலும் இதே வாதம் ஒருமுறை எழுந்தது. 2011 ஜனவரி 8 அன்று அரிசோனாவின் டூசான் நகரில், தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த நாடாளுமன்ற உறுப்பினர் காப்ரியேல் கிஃபர்ட்ஸை ஒருவன் தலையில் சுட்டான். 2001 செப்டம்பர் 11 அன்று பிறந்த ஒன்பது வயதுச் சிறுமி உட்பட ஆறு பேர் இறந்தார்கள். நான்கு நாள் கழித்து அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அரங்கில் நினைவேந்தல் நடந்தது. இருக்கைதோறும் வாசகம் அச்சிட்ட டி-சட்டை வைத்திருந்தார்கள். பேச்சாளர்கள் மேடையேறியபோது மாணவர்கள் சீழ்க்கையடித்தார்கள், எழுந்து நின்று கைதட்டினார்கள். மறுநாள் முழுவதும், இது இரங்கல் கூட்டமா, தேர்தல் கூட்டமா என்று ஒரு சாராரும், துக்கத்தில் இருக்கும் ஊர் தன்னைத் தேற்றிக்கொள்ளும் விதம் அது என்று மறு சாராரும் சொற்போர் நடத்தினார்கள்.

அந்த ஒளிப்பதிவைப் பின்னாளில் பலமுறை பார்த்திருக்கிறேன். அதில் எழும் ஆரவாரங்கள் எல்லாம் ஒரே இனம் இல்லை. அமைச்சர் பெருமக்கள் வந்து நின்றபோது எழுந்த கைதட்டல் எனக்கும் உறுத்தியது. ஓடிச்சென்று கிஃபர்ட்ஸின் காயத்தை அழுத்திப் பிடித்த 20 வயது உதவியாளர் டேனியல் ஹெர்னாண்டஸ், 'வீரன் என்ற பட்டம் எனக்கு வேண்டாம்' என்று சொன்னபோது எழுந்த கைதட்டல் உறுத்தவில்லை. பிறகு ஒபாமா, தாம் மருத்துவமனைக்குப் போய்வந்த சற்று நேரத்தில் கிஃபர்ட்ஸ் முதன்முறையாகக் கண் திறந்தார் என்ற செய்தியைச் சொன்னார். அரங்கம் கூரை பறக்க ஆர்ப்பரித்தது. ஆறு பேர் இறந்திருக்கும் இடத்தில் அது தகுமா என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பேன்: அந்தச் செய்தியைக் கேட்டு வாய்மூடி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை உங்களால் கற்பனை செய்ய முடிகிறதா? இழவு வீட்டில் பிறந்த குழந்தையின் அழுகையை யாராவது அடக்குவார்களா? அங்கே கேட்டது அப்படிப்பட்ட சத்தம். டி-சட்டையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. துக்கத்துக்கு வந்தவன் கையில் சீருடையைக் கொடுத்தால் அவன் பாதி ரசிகனாகிவிடுகிறான்.

இப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கென்று ஓர் உரைகல் அமைந்தது. எழும் சத்தம் எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கிறது என்று பார்ப்பேன். இறந்தவரை நோக்கியதா, இருப்பவரை நோக்கியதா? ஒப்பாரி இறந்தவரைப் பார்த்து நிற்கிறது, 'கோவிந்தா' அவரைத் தூக்கிச் செல்கிறது, மழையில் ஆடிய கூட்டம் அவருக்காக ஆடியது. மேடையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து எழும் ஆரவாரமோ இறந்தவரை ஒரு சாக்காக்கி ஓரமாக நிறுத்திவிடுகிறது. ஆயாவின் விரல் தாளம் போட்டதும், பிறகு நின்றதும் இந்த வேறுபாட்டால்தான் என்று எனக்குத் தெளிந்தது.

உரைகல் எல்லா நேரத்திலும் உரைத்துக் காட்டியதாகச் சொல்லமாட்டேன். 2017 மார்ச் 29 அன்று அது என் கையிலிருந்து நழுவியது. மண்டேலாவோடு ஆயுள் தண்டனை பெற்று 26 ஆண்டுகள் சிறையில் கிடந்த அகமது கத்ராடாவை ஜொகன்னஸ்பர்க்கின் வெஸ்ட்பார்க் இடுகாட்டில் அடக்கம் செய்த நாள் அது. ஜூமா அங்கே இல்லை. முன்னாள் குடியரசுத் தலைவர் கலேமா மொட்லாந்தே எழுந்து, முந்தைய ஆண்டு கத்ராடா ஜூமாவுக்கு எழுதிய கடிதத்தின் பகுதியைப் படித்தார். மக்களின் விருப்பத்துக்குப் பணிந்து பதவி விலகுங்கள் என்று கேட்டுக்கொண்ட கடிதம். கூடாரம் எழுந்து நின்று கைதட்டியது. அடக்கத்தில் கைதட்டலா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அங்கே பேசியது மொட்லாந்தே இல்லை, பெட்டிக்குள் இருந்தவரே. கைதட்டல் நேராக அவரிடம்தான் போனது. ஆனால் சற்று நேரத்தில் கத்ராடா அறக்கட்டளையின் நிர்வாகி, நிதியமைச்சர் பிரவின் கோர்தனை எழுந்து நிற்கச் சொல்லி, நாளைக்கு நீங்கள் அமைச்சராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் எங்கள் மதிப்பில் குறைய மாட்டீர்கள் என்ற பொருளில் சொன்னபோது, கூட்டம் முன்னிலும் பலமாக ஆர்ப்பரித்தது. கோர்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் உரைகல்லின்படி அது இருப்பவரை நோக்கிய ஆரவாரம், எனவே தகாதது. ஆனால் அன்று தொலைக்காட்சிக்கு முன்னால் நானும் கைதட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் நள்ளிரவு வாக்கில் கோர்தன் பதவி நீக்கப்பட்டார்.

அடுத்த மாதம் கத்ராடாவுக்கு டர்பனில் ஒரு நினைவேந்தல் நடந்தது. கோர்தன் பேசும்போது ஆளுங்கட்சியின் இளைஞர் அணியினர் சிலர் பாட்டுப் பாடியும் கூச்சலிட்டும் இடைமறித்தார்கள். என்ன அநாகரிகம் என்று நான் பொங்கியபோது, ஆயாவின் பேரன், சட்டம் படிக்கிற பையன், என்னை மடக்கினான். "ஜூமாவை ஊளையிட்டப்போ உங்களுக்கு முதல்ல வெட்கமா இருந்துச்சு, அப்புறம் சரின்னு பட்டுச்சு. கோர்தனை ஊளையிட்டா மட்டும் அநாகரிகமா, அங்கிள்?" அவன் கேட்டது நியாயம். என் பிடித்தம் எது, என் நெறி எது என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறான். நான் சொன்ன பதில் இதுதான்: கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனவர் தன் அடக்கத்தில் எந்தப் பேச்சு எழலாம் என்பதைத் தானே திறந்துவிட்டுப் போனார். அவருடைய கட்சிக்காரர் அதே கடிதத்துக்காகக் குரல் கொடுப்பது அவருக்குச் செய்யும் மரியாதை. அவருக்கு மரியாதை செய்ய வந்தவரின் பேச்சைப் பாட்டால் மூழ்கடிப்பது அப்படியில்லை. மண்டேலா அப்படி எதையும் திறந்துவிட்டுப் போகவில்லை. ஆகவே 2013 மழையில் எழுந்த ஊளைக்குக் காரணம் இருந்தது என்று ஒப்புக்கொள்வேன், மக்களுக்கு ஜூமாவின் முகத்துக்கு நேரே பேச வேறு மேடை கிடைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்வேன். ஆனாலும் அது அன்று அங்கே எழுந்திருக்கக் கூடாது. பையன் தலையை ஆட்டினான். ஏற்றுக்கொண்டானா, பெரியவர் என்று விட்டுவிட்டானா என்பதை அவன் முகம் காட்டவில்லை.

ஆயா கேட்ட பெட்டிக்கு வருகிறேன். விளையாட்டரங்கு நிகழ்ச்சிக்கு மறுநாளிலிருந்து மூன்று நாள், பிரிட்டோரியாவின் யூனியன் கட்டடத்தில் மண்டேலாவின் உடல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. மணிக்கணக்கில் வெயிலில் வரிசையில் நின்றார்கள். வரிசையில் நிற்கும்போது பாடினார்கள், பேசினார்கள், தண்ணீர் பாட்டிலைப் பகிர்ந்துகொண்டார்கள். பெட்டியை நெருங்கியதும் வாய் தானாக மூடியது. ஒரு கணம் நின்று, சிலர் குனிந்து, சிலர் சிலுவைக்குறி இட்டு, சிலர் கால் தடுமாறி, நகர்ந்தார்கள். யாரும் அவர்களிடம் ஒழுங்கு காக்கச் சொல்லவில்லை. அரங்கில் ஊளையிட்டவர்களில் சிலராவது இந்த வரிசையிலும் நின்றிருப்பார்கள். உடல் இருக்கும் இடத்தில் மக்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. உடல் இல்லாத இடத்தில்தான் அந்த வெற்றிடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று தெரியாமல் தடுமாறுகிறோம், மேடையில் கண்ணில் படுபவரைக் கொண்டு நிரப்பிவிடுகிறோம். 'பெட்டி இல்லாத சாவா' என்று ஆயா கேட்டது அறியாமையால் என்று நினைத்த நான்தான் அறியாதவன்.

அரங்கில் அன்று கடைசியாக வந்தவர் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது, இரைச்சல் ஓயவில்லை. குண்டூசி விழுந்தாலும் கேட்க வேண்டும், அதுவரை ஆசி கூற மாட்டேன் என்று அந்தக் கிழவர் பள்ளிக்கூட வாத்தியார்போல அதட்டினார். அடங்கியது. உலகத் தலைவர்களுக்கு அடங்காத கூட்டம் அவருக்கு அடங்கியது, ஏனென்றால் 1985இன் இடுகாடுகளில் அந்தக் கூட்டத்தோடு நின்றவர் அவர். டுட்டு 2021 டிசம்பரில் இறந்தபோது தனக்கு மிக மலிவான பெட்டி போதும், ஆடம்பரம் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்; கயிற்றுக் கைப்பிடி போட்ட சாதாரணப் பைன் மரப் பெட்டியில், கோவிட் விதிப்படி நூறு பேருக்கு மேல் கூடாத பேராலயத்தில், 2022 புத்தாண்டு அன்று அவரை வழியனுப்பினார்கள்.

ஆயா அதற்கு முன்பே, 2019இல், போய்விட்டார். கிளேர் எஸ்டேட் சுடுகாட்டில் 'கோவிந்தா' சொல்லி முடித்தோம். 16ஆம் நாள் காரியம் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் 27 ஆண்டுகள் வேலை பார்த்த ஆடைத் தொழிற்சாலையின் பழைய தோழிகள் ஒரு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். ஆயா அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்தவர். தெருக்கோடியில் இருக்கும் சமூகக் கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், மேசைமேல் மாலை போட்ட படம். நிகழ்ச்சியை நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

தொடங்கி முக்கால் மணி நேரம் கழித்து ஒரு கவுன்சிலர், தேர்தல் நேரம், ஒரே நிற டி-சட்டை அணிந்த 20 இளைஞர்களோடு உள்ளே வந்தார். அவர் வாசலைத் தாண்டியதும் 'விவா', அதாவது வாழ்க, என்று முழக்கம். அவர் பேசினார். ஆயாவின் பெயரை இருமுறை தவறாகச் சொன்னார், தெருவிளக்குகள் பற்றிச் சரியாகச் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்வரிசை கைதட்டியது. முன்வரிசையில் ஆயாவின் மகள் சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். நான் மைக்கைப் பிடுங்கியிருக்கலாம். செய்யவில்லை.

அவர் உட்கார்ந்ததும் டர்பனை ஒட்டிய உம்லாஸியிலிருந்து வந்திருந்த நான்கு ஜூலு மூதாட்டிகள் எழுந்தார்கள். மைக்கை வேண்டாம் என்று கையால் விலக்கினார்கள். மூத்தவர் படத்துக்கு எதிரே நின்று ஒரு குலவை இட்டார். குலவையை நம் பெண்கள் கல்யாணத்துக்கும் அம்மன் கோயிலுக்கும் மட்டுமே வைத்திருக்கிறார்கள். அந்த ஒலி அங்கே எழுந்ததும் நம்மவர் சிலர் திடுக்கிட்டார்கள். பிறகு நால்வரும் கைப்பையிலிருந்து துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை எடுத்து, மடித்து, பிடியால் நாற்காலியின் முதுகில் தட்டத் தொடங்கினார்கள். தட்டு, தட்டு, இடைவெளி, தட்டு. ஆயா சொல்லி நான் கேட்டிருக்கிறேன்: மேற்பார்வையாளர் கழிப்பறைக்குப் போக விடாத நாளில் ஒருவர் மேசையில் இப்படித் தட்டுவார், கேட்டவர் தட்டுவார், ஐந்தாவது நிமிடத்தில் கூடமே தட்டும். இயந்திரங்கள் நின்றுவிடும். அந்தத் தட்டைத் தொடங்கிவைப்பவர் ஆயா.

பின்வரிசை இளைஞர்களுக்கு விஷயம் தெரியாது. ஏதோ நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டி, 'விவா' என்றார்கள். மூத்தவர் திரும்பிப் பார்க்காமலே உள்ளங்கையை உயர்த்தினார். நின்றது. இரண்டு மூன்று சுற்றுத் தட்டிய பிறகு அதே கையால் அவர்களை அருகே வரச் சொன்னார். ஒவ்வொருவராக வந்தார்கள், படத்தைப் பார்த்து நின்றார்கள், நாற்காலி முதுகில் விரல் முட்டியால் தட்டினார்கள். ஒரு பையன் இடைவெளியைத் தவறவிட்டுத் தவறவிட்டுப் பிடித்துக்கொண்டான். ஆயாவின் மகள் எழுந்து, மேடைப் பக்கம் லேசாகத் திரும்பியிருந்த படத்தை அந்தக் கிழவிகளுக்கு நேராகத் திருப்பி வைத்தார்.

'அடுத்து, ஒரு நிமிட மௌனம்' என்று என் கையிலிருந்த தாளில் எழுதியிருந்தது. தட்டல் ஓயும் வரை காத்திருந்தேன். கத்தரிக்கோல்கள் கைப்பைக்குள் போயின. அறிவிப்பதற்காக எழுந்து மைக்கை வாயருகே கொண்டுபோனேன். கூடம் ஏற்கெனவே அமைதியாக இருந்தது. மைக்கை அணைத்துவிட்டு நானும் நின்றுகொண்டேன்.